நிற்கும் காரின் பற்றரி: யாழ்ப்பாணத்தில் சொகுசுக் கார் பார்த்துக்கொள்வோருக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு பி.எம்.டபிள்யூ.வோ பென்ஸோ அவுடியோ பற்றரியால் மக்கர் பண்ணினால், அது அதிகம் ஓடியதால் அல்ல, ஓடாமல் கிடந்ததால்தான் பெரும்பாலும். சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ஒரு மாதம் ஓடுவார். பிறகு கார் தகரக் கொட்டகைக்குள் போய்விடும், சாவி மருமகனிடம் இருக்கும். இன்னொரு வகையினர் ஊரிலேயே இருப்பவர்கள். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து கோயிலுக்கு என்று ஒரே மூச்சில் 4 கிலோமீற்றருக்கு மேல் ஓடமாட்டார்கள். இரண்டு கார்களின் பற்றரியும் ஒரே மாதிரித்தான் கெடுகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் வழி திறந்தது. அதனால் இப்போது கைமாறுகிற சொகுசுக் கார்களில் பெரும்பகுதி வயதானவை. முன்னைய உரிமையாளர் என்ன பற்றரி போட்டார், எப்போது போட்டார் என்பது அநேகமாக யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு காரைப் புதிதாக வாங்கியவருக்கும், சித்தப்பாவின் காரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தலையில் விழுந்தவருக்கும் இந்தக் கட்டுரை.

கார் என்ன சொல்கிறது?

பற்றரி பலவீனமானால் இந்தக் கார்கள் முதலில் சொகுசு வேலைகளைக் குறைக்கும். சிக்னலில் தானாக நின்று தானாக எடுக்கும் வசதி இருந்தால், முதலில் நிற்பது அதுதான். பலர் அதை நிம்மதியாகவே எடுத்துக்கொள்வார்கள். பிறகு இஞ்சினை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் ரேடியோ தானாக அணையும். நிற்கும்போது பற்றரி இறங்கியது என்று திரையில் எழுத்து வரும். கடைசியாகத்தான் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் வேறொன்று. வோல்ற்று குறைந்தால் காருக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கொம்பியூட்டர்கள் ஒன்றோடொன்று சரியாகப் பேசாது. உடனே ஏ.பி.எஸ். பிரேக், கியர், எயார்பாக், ஸ்ரியரிங் என்று டாஷ்போர்டில் கோயில் அலங்காரம் மாதிரி லைற்றுகள் எரியும். காரின் பிழைகளை வாசிக்கும் ஸ்கானர் போட்டால் அவை பக்கம் பக்கமாக வரும். அதைப் பார்த்துவிட்டு ஏ.பி.எஸ். பெட்டி மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், காசை எடுக்காதீர்கள். பற்றரியை முழுதாகச் சார்ஜ் பண்ணி, பிழைகளை அழித்து, ஒருநாள் ஓடிய பின் திரும்ப வருபவை எவை என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சப் பேச்சு.

சாவி காருக்கு விளங்கவில்லை என்று மட்டும் செய்தி வந்தால், அது சாவிக்குள் இருக்கும் வட்டப் பற்றரியாக இருக்கலாம். அதை முதலில் மாற்றுங்கள். மிகக் குறைந்த செலவு.

பற்றரி எங்கே இருக்கிறது?

பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் பற்றரியே இல்லையே என்று நிற்பவர்கள் உண்டு. பி.எம்.டபிள்யூ.க்களில் பெரும்பாலும் அது பின்னால், டிக்கியின் வலப்பக்கத்திலோ தரைக்குக் கீழேயோ இருக்கும். அவுடி ஏ6 போன்றவற்றில் மேலதிகச் சில்லு வைக்கும் குழிக்குள் இருக்கும். முதல் தலைமுறை கியூ7-இல் முன் இருக்கை ஒன்றின் கீழே ஒளிந்திருக்கும். பென்ஸ் சி-கிளாஸின் 204 வரிசையில் பொனற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பல பென்ஸ்களில் பெரிய பற்றரியோடு சின்னத் துணைப் பற்றரி ஒன்றும் உண்டு. துணைப் பற்றரிக் கோளாறு என்று திரை சொன்னால், பெரியதை மாற்றிப் பயனில்லை.

பின்னால் பற்றரி இருக்கும் கார்களில் பொனற்றுக்குள் இரண்டு முனைகள் விட்டிருப்பார்கள். சிவப்பு மூடியுள்ளது பிளஸ், பக்கத்தில் இருக்கும் இரும்பு முளை மைனஸ். இந்த இரண்டையும் இன்றைக்கே கண்டுபிடித்து வையுங்கள். பற்றரி அடியோடு இறங்கினால் டிக்கி திறக்காது, பற்றரியோ டிக்கிக்குள். அப்போது சாவிக்குள் செருகியிருக்கும் இரும்புத் திறப்பால் டிரைவர் கதவைத் திறந்து, பொனற் லீவரை இழுக்க வேண்டும். அது கம்பியால் இழுபடுவது, மின்சாரம் தேவையில்லை. பொனற்றுக்குள் இருக்கும் முனைகளில் 12 வோல்ற் கொடுத்தால் கார் விழிக்கும், டிக்கியும் திறக்கும். சில கார்களில் டிரைவர் கதவின் சாவித் துவாரம் கைபிடியின் மூடிக்குள் மறைந்திருக்கும். வெயிலில் வேர்த்தபடி அதைத் தேடுவதைவிட, ஆறுதலாக ஒரு பின்னேரம் பார்த்து வைப்பது நல்லது.

அளந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்

சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று போதும். ரவுணில் எந்த எலக்ரிக் கடையிலும் கிடைக்கும். கார் ஓடி நின்ற உடனே அளந்தால் பொய்யான உயர்ந்த எண் வரும். இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் அளக்க வேண்டும். 12.6 வோல்ற்றுக்கு மேல் இருந்தால் நல்லது, ஏ.ஜி.எம். வகை (அமிலம் பஞ்சுக்குள் ஊறி நிற்கும் பற்றரி) என்றால் 12.8 அளவில் நிற்க வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வெறுமை.

பிறகு ஒருவரை ஸ்ரார்ட் பண்ணச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது எண் எவ்வளவுக்கு விழுகிறது என்று பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பற்றரி 9.6-க்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. இஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.8-க்கும் இடையில் இருந்தால், ஓடும்போது சார்ஜ் கொடுக்கும் அல்ரனேற்றர் பொதுவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். புதிய கார்கள் எரிபொருளைச் சேமிக்க அல்ரனேற்றரை இடையிடையே தணிக்கும். ஆகவே ஒரு தடவை 12.8 காட்டியதும் அல்ரனேற்றர் போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது. லைற், ஏ.சி. எல்லாம் போட்டுத் திரும்ப அளக்க வேண்டும்.

வோல்ற்று குறைவாக இருக்கிறது என்பதால் மட்டும் பற்றரி கெட்டது என்று ஆகாது. அது வெறுமனே பசியோடு இருக்கலாம். சார்ஜ் பண்ணி, ஓர் இரவு விட்டு, திரும்ப அளந்து பாருங்கள். சார்ஜ் தங்கவில்லை என்றால்தான் மாற்ற வேண்டும்.

சரி, சார்ஜ் தங்குகிறது, ஆனாலும் ஒரு கிழமை நின்றால் திரும்ப இறங்குகிறது என்றால், காருக்குள் ஏதோ ஒன்று இரவில் கரண்ட் குடிக்கிறது. பூட்டிய கார் முழுதாக உறங்க அரைமணி நேரம் வரை எடுக்கும். உறங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 36. 90 ஆம்பியர்-மணிப் பற்றரி ஒன்று, எந்தக் குறையும் இல்லாமலே, இரண்டரை மாதத்தில் காலியாகிவிடும். கார் ஸ்ரார்ட் ஆகாமல் போவது அதற்கு வெகு முன்பே. அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு கிழமை கூடப் போதும்.

இங்கே நான் முதலில் சந்தேகப்படுவது பிறகு பூட்டியவற்றைத்தான்: டாஷ் கமரா, ஜி.பி.எஸ். கருவி, பெரிய ஆண்ட்ரொயிட் திரை. மலிவாகப் பூட்டித் தருபவர்கள் எப்போதும் கரண்ட் இருக்கும் வயரிலிருந்து இழுத்துவிடுவார்கள், அந்தக் காரோ கடைசிவரை உறங்காது. ஒரு நல்ல கார் எலக்ரீசியன், வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீற்றர் வைத்து, ஃபியூஸ் ஃபியூஸாகப் பார்த்து இதைப் பிடித்துவிடுவார். பிடிக்காமல் புதிய பற்றரி போட்டால் அதையும் இதே கசிவு தின்னும்.

அவசரத்துக்கு ஜம்ப் பண்ணுவது

ஜம்ப் வயர் பூட்டும் ஒழுங்கு: முதலில் சிவப்பு உங்கள் காரின் பிளஸ் முனையில், பிறகு சிவப்பின் மறுமுனை உதவிக்கு வந்த காரின் பிளஸில். அடுத்து கறுப்பு அந்தக் காரின் மைனஸில், கடைசியாகக் கறுப்பின் மறுமுனை உங்கள் பொனற்றுக்குள் இருக்கும் இரும்பு முளையில். பற்றரியின் மைனஸில் நேரே பூட்டாதீர்கள். அங்கே ஒரு சின்னச் சென்சர் இருக்கும், கடைசி இணைப்பில் பொறி பறப்பதும் வழமை. கழற்றும்போது இதே ஒழுங்கு, பின்னாலிருந்து முன்னால்.

ஒழுங்கையில் நிற்கும் வாகனங்களில் எதைக் கேட்பது என்பதும் முக்கியம். லொறிகளும் பஸ்களும் பலவும் 24 வோல்ற். அதில் இருந்து எடுத்தால் உங்கள் காரின் கொம்பியூட்டர்கள் மொத்தமாகப் போகலாம். ஓட்டோவின் பற்றரி 12 வோல்ற்தான், ஆனால் மூன்று லீற்றர் டீசல் இஞ்சினைச் சுற்ற அதற்குத் தெம்பு இல்லை. ஹைபிரிட் காரிலிருந்து மற்றக் காருக்குக் கொடுப்பதைப் பெரும்பாலான கம்பனிகள் அனுமதிப்பதில்லை. என்னைக் கேட்டால், கையடக்க லித்தியம் ஜம்ப் ஸ்ரார்ட்டர் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். டிக்கிக்குள் அல்ல, வீட்டில். பூட்டிய காருக்குள் மத்தியானச் சூடு அதற்கு ஆகாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர் அதைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வோற்-மணிக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவைப்படும்.

என்ன பற்றரி வாங்குவது?

நமது கடைகளில் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் ஜப்பான் அளவுகள், நமது வீதியில் ஓடுபவை ஜப்பான் கார்கள் என்பதால். ஐரோப்பியக் காருக்கு வேண்டியது டின் (DIN) எனும் ஜேர்மன் தர அளவு. முனைகள் மேலே துருத்தாமல் உள்ளடங்கி இருக்கும், அடியில் கிளாம்ப் பிடிக்க ஒரு விளிம்பு இருக்கும். நீளத்தை வைத்து அளவைச் சொல்வார்கள்: எச்6 என்றால் 278 மில்லிமீற்றர், எச்7 315, எச்8 353. ஏ.ஜி.எம். வகையில் இவை முறையே 70, 80, 95 ஆம்பியர்-மணி அளவில் வரும். பழைய பற்றரியின் லேபலைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் முன்னைய உரிமையாளர் பிழையானதைப் போட்டிருக்கலாம் என்பதால் கைநூலிலும் ஒருமுறை பாருங்கள்.

காரோடு ஏ.ஜி.எம். வந்திருந்தால் ஏ.ஜி.எம்.தான் போட வேண்டும். இதில் அமிலம் கண்ணாடி நார்ப் பஞ்சுக்குள் ஊறி நிற்கும். அடிக்கடி இறங்கி ஏறுவதைத் தாங்கும், வேகமாகச் சார்ஜ் எடுக்கும். விலை சாதாரணப் பற்றரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த விலையைக் கேட்டதும் “சாதாரணதைப் போடுங்கோ, எல்லாம் ஒண்டுதான்” என்று அறிவுரை சொல்ல ஆள் வரும். எல்லாம் ஒன்றல்ல. தானாக நின்று எடுக்கும் காரில் சாதாரணப் பற்றரி சீக்கிரமே களைத்துவிடும். அத்தோடு பற்றரி வைக்கும் இடம் பயணிகள் இருக்கும் பகுதியிலோ டிக்கியிலோ இருந்தால், வாயு வெளியேறும் குழாய் பூட்ட வசதியில்லாத பற்றரியை அங்கே வைக்கவே கூடாது. வெளியேறுவது ஐதரசன்.

கடையில் மேசையில் வைத்தே மீற்றரால் அளந்து பாருங்கள். புதிய ஏ.ஜி.எம். 12.7-க்குக் குறைவாகக் காட்டினால் சார்ஜ் பண்ணித் தரச் சொல்லுங்கள், 12.5-க்கும் கீழே என்றால் வேறொன்று கேளுங்கள். தயாரித்த திகதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தட்டில் தூங்கியது வேண்டாம். உத்தரவாத அட்டையில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். பழுதானால் இங்கேயே மாற்றித் தருவார்களா, கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா என்பதை வாங்க முன்னரே கேளுங்கள். கொழும்பில் கொஞ்சம் மலிவு என்று 400 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து எடுப்பித்த பற்றரிக்கு உத்தரவாதம் கோரப் போனவர்களுக்கு அந்தக் கேள்வியின் பெறுமதி தெரியும்.

ஆயுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்பம் 10 பாகை கூடினால் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. குளிர் நாட்டில் இருப்பவர் “என்ர கார்ல ஏழு வருசம் நிண்டது” என்று சொல்வதை யாழ்ப்பாணத்துத் தகரக் கொட்டகைக்குப் பொருத்த முடியாது. இங்கே மூன்று, நான்கு வருடம் நின்றால் திருப்திப்படலாம்.

மாற்றும்போது

எச்8 அளவுப் பற்றரி 26 கிலோ அளவில் இருக்கும். டிக்கிக் குழிக்குள் குனிந்து தூக்க முதுகு வேண்டும், துணைக்கு ஒருவரை வையுங்கள். கைச்சங்கிலி, மோதிரம், மணிக்கூடு எல்லாம் கழற்றி வையுங்கள். பிளஸுக்கும் காரின் பொடிக்கும் (இரும்பு உடலுக்கும்) இடையில் தங்கம் பட்டால் அது ஒரு நொடியில் பழுக்கும், விரலோடு சேர்த்து.

எல்லாவற்றையும் அணைத்து, சாவியைத் தூர வைத்து, டிக்கியைத் திறந்தே விட்டு அரைமணி நேரம் பொறுங்கள். கார் உறங்கட்டும். வயர்கள் எப்படிப் போகின்றன என்று படம் எடுங்கள். முதலில் மைனஸ். பிளஸை முதலில் கழற்றினால் ஸ்பானர் பொடியில் தட்டும்போது ஷோட் ஆகும். மைனஸ் முனையில் இருக்கும் சென்சரை நெம்பாதீர்கள், நட்டைத் தளர்த்தி மெதுவாக மேலே எடுங்கள். பி.எம்.டபிள்யூ.வின் பிளஸ் கிளாம்பில், விபத்து நடந்தால் வயரைத் துண்டிக்கும் சின்ன வெடிமருந்து இருக்கும். அதில் சுத்தியல் வேலை வேண்டவே வேண்டாம். பிறகு வாயுக் குழாய், அடிக் கிளாம்ப். புதியதை வைத்து, கிளாம்பை இறுக்கி, குழாயைத் திரும்பப் பூட்டி, பிளஸ், கடைசியாக மைனஸ். பழைய பற்றரியை எடுக்கும்போது அதிகம் மறக்கப்படுவது அந்தக் குழாய்தான். கராஜில் செய்வித்தாலும் நீங்களே குனிந்து பாருங்கள்.

ஹைபிரிட் என்றால் ஒரு விடயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 40ஈ, 530ஈ, பென்ஸ் சி350ஈ போன்றவற்றில் பெரிய மின்கலத் தொகுதியோடு 12 வோல்ற் பற்றரியும் தனியே உண்டு. 12 வோல்ற் இறங்கினால், பெரியது நிறைந்திருந்தாலும் கார் விழிக்காது. மாற்றுவது மற்றக் கார்களைப் போலத்தான், ஆனால் செம்மஞ்சள் நிற வயர் எங்கே கண்டாலும் அங்கே கை வைக்கக்கூடாது.

காருக்குச் சொல்ல வேண்டும்

2000களின் நடுப்பகுதியிலிருந்து வந்த பெரும்பாலான பி.எம்.டபிள்யூ.க்களும் பல அவுடிகளும் பற்றரியின் வயதைக் கணக்கு வைத்து, அதற்கேற்பச் சார்ஜ் கொடுக்கும். புதியது போட்டதை ஸ்கானர் மூலம் பதிய வேண்டும். பதியாவிட்டால் கார் நின்றுபோகாது. ஆனால் கிழட்டுப் பற்றரிக்குக் கொடுக்கும் சார்ஜையே புதியதற்கும் கொடுத்து அதன் ஆயுளைக் குறைக்கும். பற்றரியின் வகையோ அளவோ மாறினால் அதையும் தனியாக எழுத வேண்டும். பென்ஸில் பெரும்பாலான மாடல்களுக்கு இது தேவையில்லை.

ஏஜென்ற் கம்பனிகளின் பெரிய கராஜ்கள் கொழும்புப் பக்கம். அதற்காகக் காரை அங்கே கொண்டுபோகத் தேவையில்லை. பற்றரியைத் தொட முன்னரே கராஜ்காரரிடம் கேளுங்கள்: “அண்ணை, பற்றரி மாத்தினா ரெஜிஸ்டர் பண்ணித் தருவீங்களோ?” எந்த ஸ்கானர், எந்த மாடல் என்று அவர் திருப்பிக் கேட்டால் நல்ல அறிகுறி. “கழட்டி மாட்டினாத் தானா எடுக்கும் தம்பி” என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கராஜுக்குப் போங்கள். அவுடிக்கு மடிக்கணினியில் ஓடும் வி.சி.டி.எஸ். மென்பொருளும், பி.எம்.டபிள்யூ.வுக்கு போனில் வேலை செய்யும் பிம்மர்லிங்க் மாதிரிச் செயலிகளும் உண்டு. கையில் பழக்கமுள்ள பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள்.

பிறகு சில்லறை வேலைகள். ஸ்ரியரிங்கை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை திருப்பிச் சிறிது தூரம் ஓட்டினால், பற்றரி மாற்றியதும் எரியும் ஸ்ரியரிங் லைற் அணையும். கண்ணாடிகளை முழுதாக இறக்கி, ஏற்றி, ஏறிய பின்னும் சில நொடி பொத்தானை அழுத்தி வைத்தால் தானாக ஏறும் வசதி திரும்பும்.

வெளிநாட்டுக்குத் திரும்ப முன்னர்

“தம்பி, ஒவ்வொரு நாளும் அஞ்சு நிமிசம் ஸ்ரார்ட் பண்ணி விடு” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுவது வழமை. இது பற்றரிக்குச் செய்யும் கெடுதல். ஸ்ரார்ட் பண்ண எடுத்ததை ஐந்து நிமிடம் நின்றபடி ஓடுவது திருப்பித் தராது, இஞ்சின் ஒயிலும் சூடேறாது. ஓடுவதென்றால் கிழமைக்கு ஒருமுறை கொடிகாமம்வரை போய்வரச் சொல்லுங்கள். அதற்கு நம்பி ஆள் இல்லையென்றால் பராமரிப்புச் சார்ஜர் வாங்குங்கள். ஏ.ஜி.எம். தெரிவு உள்ளதாக, 14.8 வோல்ற்றுக்கு மேல் போகாததாக இருக்க வேண்டும். பற்றரிக் கடைகளில் இரவிரவாகப் பூட்டிவிடும் பழைய பெரிய சார்ஜரில் ஏ.ஜி.எம்.மைக் கொடுக்காதீர்கள். அது கொதித்தால் இழந்த நீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. தண்ணீர் ஊற்றும் சாதாரணப் பற்றரி என்றால் வடித்த நீர் மட்டும். நமது சுண்ணாம்புக் கல் கிணற்று நீர் ஒரு சொட்டும் ஆகாது.

கனடாவிலிருந்து சார்ஜர் கொண்டுவருகிறவர் லேபலில் 100–240 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 120 மட்டும் என்றால் நமது 230-இல் பூட்டியதும் புகை வரும். இங்கிலாந்து, ஜேர்மனியிலிருந்து வருவதற்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கொட்டகையில் பிளக் இல்லை, ஓட ஆளும் இல்லை என்றால் மைனஸைக் கழற்றி விடுங்கள். முன்னதாக பற்றரியை நிறையச் சார்ஜ் பண்ணுங்கள், கண்ணாடிகளை ஏற்றுங்கள், டிக்கியை மூடினால் மேலே சொன்ன பொனற் முனைகள் வழியாகத்தான் திறக்க வேண்டிவரும் என்பதைச் சாவி வைத்திருப்பவருக்குச் செய்து காட்டுங்கள். உப்புக்காற்று படும் கரையோரங்களில், வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம், கழற்றிய முனைகளில் கொஞ்சம் வாஸ்லின் பூசுவது நல்லது.

பழைய பற்றரியைக் கொட்டகை மூலையில் போட்டுவைக்காதீர்கள். ஈயத்துக்குப் பெறுமதி உண்டு. புதியது வாங்கும் கடையில் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். பேரம் பேசி முடித்த பிறகு பழையதைப் பற்றிக் கேட்காமல், அதன் விலையையும் முதலிலேயே கேட்டு பில்லில் எழுதுவியுங்கள்.